பன்னிக்கு பாயிண்ட் 22 எதுக்கு? தட்டி எழுதுமுன் ஒரு வார்த்தை

தலையங்கம்



கலெக்டர் ஆபீஸ் முன்னால் நாம் நடத்தப்போகிற ஆர்ப்பாட்டத்துக்குத் தட்டி எழுதுகிற வேலை ஆரம்பமாகிவிட்டது. கிளைச் சங்கங்களில் இருந்து வந்த கோரிக்கைத் தாள்களைப் புரட்டினால், கரும்பு பாக்கிக்கும் கரண்டுக்கும் அடுத்தபடியாக எல்லாத் தாளிலும் இருப்பது காட்டுப்பன்னிதான். அதில் இளவட்டங்கள் எழுதி அனுப்பிய ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது: "விவசாயிக்கு பாயிண்ட் 22 ரைபிள் வழங்கு!"

கோபம் நியாயமானது. மக்காச்சோளம் பால் பிடிக்கிற நேரம், கடலை காய் பிடிக்கிற நேரம், மரவள்ளி கிழங்கு இறங்குகிற நேரம் பார்த்து கும்பலாக இறங்குகிறது. ஒரே ராத்திரியில் ஒரு ஏக்கரை உழுது போட்டுவிட்டுப் போகிறது. தின்றது கொஞ்சம், மிதித்தது மிச்சம். விதைக்குக் கடன், உரத்துக்குக் கடன், ராக்காவலுக்குத் தூக்கம் கெட்டு உடம்பும் கெட்டது. இந்த நிலைமையில் ஒருத்தன் துப்பாக்கி கேட்டால் அவனைக் குற்றம் சொல்ல யாருக்கும் யோக்கியதை கிடையாது.

ஆனால் எந்தத் துப்பாக்கி என்று கேட்கிறோம் பாருங்க, அங்கேதான் நாம் நிதானிக்கணும். தப்பான பொருளைக் கேட்டுத் தொண்டை கிழியக் கத்தினால், அதிகாரி ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடுவார். அதைவிட மோசம், கேட்டது கிடைத்து அதனாலேயே நம்ம ஆள் ஒருத்தன் செத்துப் போனால் அதற்கு சங்கம்தான் பொறுப்பு. ஆகவே விஷயத்தை உள்ளது உள்ளபடி பேசிவிடுவோம்.

பாயிண்ட் 22 என்றால் என்ன?

குழலின் உள்வாய் ஒரு அங்குலத்தில் 100க்கு 22 பங்கு. நம்ம கணக்கில் சுமார் ஐந்தரை மில்லிமீட்டர். குழலுக்குள் மரை ஓடியிருக்கும். அந்த மரையில் சுழன்று வெளியே போவதால் குண்டு நேராகப் போகும். அதனால்தான் ரைபிள் என்று பேர்.

இதை ரிம்பயர் என்கிறார்கள். காரணம் இதுதான். பெரிய தோட்டாவில் அடிப்பக்கம் நடுவில் ஒரு கேப்பு இருக்கும். ஊசி அதன் நடுவில் குத்தும். பாயிண்ட் 22 தோட்டாவில் அந்தக் கேப்பு கிடையாது. தீப்பிடிக்கிற மருந்தை அடிவிளிம்புக்குள்ளேயே சுற்றிப் பூசியிருப்பான். ஊசி விளிம்பில் இடித்தால் வெடிக்கும். விளிம்பு நசுங்குகிற அளவுக்குத் தகடு மெல்லிசாக இருக்கணும். தகடு மெல்லிசானால் உள்ளே அதிக அழுத்தம் தாங்காது. ஆகவே மருந்தும் கொஞ்சம்தான், வேகமும் கொஞ்சம்தான். இந்தத் தோட்டாவின் பலவீனம் அதன் பிறப்பிலேயே இருக்குது. ஒரு தடவை சுட்ட கூட்டை மறுபடி அடைக்கவும் முடியாது.

இன்றைக்கு உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கிற பாயிண்ட் 22 லாங் ரைபிள் தோட்டா 1887இல் அமெரிக்காவில் வந்தது. 130 வருஷத்துக்கு மேல் நிலைத்து நிற்கிறது என்றால் அதற்குக் காரணமும் உண்டு. விலை குறைவு, உதைப்பு கிடையாது, சத்தம் கம்மி, குறி தப்பாது. பழகுகிறவனுக்கு இதைவிட நல்ல துப்பாக்கி கிடையாது. என்.சி.சி.யில் நம்ம பிள்ளைகள் முதல் முதலில் சுட்டுப் பழகுவதும் இதில்தான். ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் போட்டி நடப்பதும் இதில்தான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பண்ணைக்காரன் முயல் சுடுவதற்கு வண்டியில் வைத்திருப்பதும் இதைத்தான்.

முயல் என்று சொன்னேன், கவனிச்சுக்குங்க. பன்னி என்று சொல்லவில்லை.

பன்னிக்கு இது ஏன் ஆகாது?

பாயிண்ட் 22 குண்டின் எடை சாதாரணமாக 2.6 கிராம். மூணு கிராம்கூட இல்லை. குழலை விட்டு வெளியே வரும்போது அதன் சக்தி 140இல் இருந்து 190 ஜூல் வரைக்கும். வேட்டைக்கு நாம் பார்த்திருக்கிற 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கியின் ஒரு தோட்டாவில் இருக்கிற மொத்த சக்தி 2,000 ஜூலுக்கு மேல். வித்தியாசம் பத்து மடங்கு.

வளர்ந்த ஆண் பன்னி நூறு கிலோவைத் தொடும், தாண்டவும் செய்யும். தோள்பட்டையில் அதற்கு இயற்கையே கேடயம் மாதிரி தடித்த தோலும் நாரும் கொடுத்திருக்கிறது. ஆம்பளைப் பன்னிகள் ஒன்றை ஒன்று கொம்பால் குத்திச் சண்டை போடும்போது தாங்குவதற்காக வந்தது அது. அந்த இடத்தில் மூணு கிராம் ஈயம் போய் என்ன செய்யும்?

இங்கிலாந்தில் 1991ஆம் வருஷத்து மான் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. மான் சுடுவதற்கு ரைபிள் உள்வாய் பாயிண்ட் 240க்குக் குறையக்கூடாது, சக்தி 2,300 ஜூல் அளவுக்குக் குறையக்கூடாது என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். பிற்பாடு நாய் உயரமே இருக்கிற இரண்டு சிறுமான் வகைக்கு மட்டும் கொஞ்சம் தளர்த்தினார்கள். அதற்கும் ரிம்பயர் பாயிண்ட் 22 எட்டாது. மானுக்கே ஆகாது என்று வேட்டைக்காரனுடைய நாட்டில் சட்டம் போட்டிருக்கிறான். மானைவிட உரம் வாய்ந்த பன்னிக்கு நாம் அதைக் கேட்டுத் தட்டி தூக்குவதா?

"தலையில பார்த்து அடிச்சா விழாதாண்ணா?" என்று ஒரு தம்பி கேட்டார். விழும் தம்பி. பட்டப்பகலில், பத்தடி தூரத்தில், அசையாமல் நின்றால் விழும். நம்ம தோட்டத்துக்கு அது வருவது ராத்திரி ஒரு மணிக்கு. சோளத்தட்டுக்கு நடுவில் கருப்பாக அசைகிறது, டார்ச் அடித்தால் பாய்கிறது. அந்த நேரத்தில் நீங்க தலையைப் பார்ப்பீங்களா, வாலைப் பார்ப்பீங்களா? வயிற்றில் பட்ட பன்னி சாகாது. ஓடிப்போய்ப் பக்கத்துக் கரும்புக்குள் படுத்துக்கொள்ளும். காலையில் சோகை உரிக்கப் போகிற பொம்பளைகள்தான் அதன் எதிரில் நிற்பார்கள். காயம்பட்ட பன்னி மனுசனை விடாது என்பது நம்ம ஊர்ப் பெரியவங்க எல்லோருக்கும் தெரிந்த சேதி.

சின்ன குண்டு, நீண்ட பயணம்

சின்ன துப்பாக்கிதானே, பெரிய ஆபத்து இருக்காது என்று ஒரு நினைப்பு. இது முழுத் தப்பு.

பாயிண்ட் 22 தோட்டாப் பெட்டியின் மேலேயே கம்பெனிக்காரன் எச்சரிக்கை அச்சடித்திருப்பான், ஒன்றரை மைல் வரைக்கும் ஆபத்து என்று. அதாவது சுமார் 2.4 கிலோமீட்டர். பன்னியைக் கொல்ல ஆகாத குண்டு, அவ்வளவு தூரம் போயும் மனுசனைக் காயப்படுத்தும். 12 போர் ரவையோ சில நூறு மீட்டரில் சத்து இழந்து விழுந்துவிடும்.

நம்ம நிலம் எப்படி இருக்குது என்று யோசிச்சுப் பாருங்க. ஆஸ்திரேலியாக்காரனுக்கு ஒரு பண்ணை என்றால் கண்ணுக்கெட்டிய தூரம். நமக்கு அஞ்சு ஏக்கர், மூணு ஏக்கர். வரப்புக்கு அந்தப் பக்கம் பங்காளி தோட்டம், அதைத் தாண்டி சாளை, அதைத் தாண்டி ரோடு. உங்களை மாதிரியே அவரும் ராக்காவலுக்குக் கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பார், இல்லாவிட்டால் ராத்திரி கரண்டு விட்டார்கள் என்று மடை திருப்பிக்கொண்டு இருப்பார். நீங்க சமதரையில் நின்று சுட்ட குண்டு தப்பினால் எங்கே போய் நிற்கும்? சின்ன ஈயக் குண்டு பாறையில் பட்டாலும், கல்கட்டில் பட்டாலும், தண்ணீரில் பட்டாலும் திசைமாறித் தெறிக்கும் குணம் உடையது. மலையடிவாரத்தில் கல் இல்லாத தோட்டம் எது?

சட்டம் என்ன சொல்கிறது?

இனி சட்டத்துக்கு வருவோம். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் 13ஆவது பிரிவைப் படித்தவர்கள் நம்மில் குறைவு. அதன் மூன்றாவது உட்பிரிவில் விவசாயிக்கு ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி கேட்டால் உரிமம் வழங்கவேண்டும் என்று இருக்கிறது. அது போதாது என்று அதிகாரி திருப்தியடைந்தால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள மரையில்லாத வேறு துப்பாக்கிக்கு, அதாவது 12 போர் மாதிரித் துப்பாக்கிக்கு, உரிமம் தரலாம் என்றும் இருக்கிறது.

பாயிண்ட் 22 அந்த உட்பிரிவில் எங்கே வருகிறது தெரியுமா? அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப் உறுப்பினர் குறிபார்த்துப் பழகுவதற்கு என்கிற இடத்தில் வருகிறது. பயிருக்கு என்று இல்லை. வேறு தக்க காரணம் காட்டினால் தரலாம் என்று ஒரு பொதுவழி இருப்பது வாஸ்தவம். ஆனால் அது முழுக்க அதிகாரியின் கையில். சட்டம் நமக்கென்று திறந்து வைத்திருக்கிற வாசலை விட்டுவிட்டு, பூட்டியிருக்கிற சன்னலைத் தட்டுவானேன்?

இன்னொன்றையும் புரிந்துகொள்ளணும். துப்பாக்கி லைசென்ஸ் வேறு, சுடுகிற அனுமதி வேறு. லைசென்ஸ் கையில் இருப்பதாலேயே பன்னியைச் சுட்டுவிட முடியாது. 1972ஆம் வருஷத்து வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்னி முன்பு மூன்றாவது அட்டவணையில் இருந்தது. 2022 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. 11ஆவது பிரிவின்படி, மனுச உயிருக்கோ, நிற்கிற பயிர் உட்பட சொத்துக்கோ ஆபத்து என்றால் தலைமை வனஉயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத்தில் அனுமதி கொடுக்கலாம். அந்தத் தாள் இல்லாமல் சுட்டால் கேஸ். மயில், யானை, காட்டெருமை முதல் அட்டவணை. அதன் பக்கம் குழலைத் திருப்பினாலே வாழ்க்கை போச்சு.

சட்டத் தொல்லை இல்லாமல் பாயிண்ட் 22 வைத்து வயலில் சுடுவதற்கு மிஞ்சுவது எலியும் பெருச்சாளியும்தான். அதற்குத் தஞ்சாவூர்க் கிட்டி போதாதா?

சத்தம் கம்மி என்பதையும் ஒரு வசதியாகச் சிலர் சொல்கிறார்கள். அதுவே நமக்குப் பாதகம். காட்டோரத்தில் சத்தம் போடாத ரைபிளோடு ராத்திரி நிற்கிறவனை வனத்துறைக்காரர் விவசாயி என்று நினைப்பாரா, மான் வேட்டைக்கு வந்தவன் என்று நினைப்பாரா? பயிர்க்காவலுக்குச் சத்தம் பெரிசாக இருப்பதுதான் நல்லது. பாதி நேரம் வேண்டியது அந்தச் சத்தம்தானே!

அப்படியானால் எதைக் கேட்பது?

மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி: சட்டம் முதலில் தருவது இதைத்தான். ஒரு வெடிக்குப் பிறகு மறுபடி மருந்து கொட்டி, குச்சி விட்டு இடித்து, ரவை போட்டு, கேப்பு வைப்பதற்குள் கும்பல் பக்கத்து ஊருக்குப் போய்விடும். பனியில் மருந்து நமுத்துப்போகும். அளவு மீறிக் கெட்டித்தால் குழல் வெடிக்கும். வெடிச் சத்தம் எழுப்பி விரட்ட உதவும். அதற்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது.

12 போர், ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல்: பயிர்க்காவலுக்குப் பொருந்துவது இதுதான். ஒடித்துத் தோட்டா போட்டு மூடுவது என்பதால், நிரம்பியிருக்கிறதா காலியா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். பெரிய ரவை உள்ள எல்.ஜி. தோட்டாவுக்கு முப்பது நாற்பது மீட்டருக்குள் பன்னியைச் சாய்க்கிற வலு உண்டு. பரண் மேல் இருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தப்பிய ரவை மண்ணிலேயே புதையும். அனுமதித் தாளோடு, பழகிய கை ஒன்று பரணில் இருந்தால் வேலை முடிந்தது.

ஏர்கன்: பாயிண்ட் 177 அளவில், 20 ஜூல் சக்திக்கு உட்பட்டதற்கு லைசென்ஸ் தேவையில்லை. கடையில் தருகிறான் என்பதற்காகப் பன்னியை அடிக்காதீங்க. அதற்குக் கொசு கடித்த மாதிரி இருக்கும். கிளியையும் மயிலையும் அடித்தால் குற்றம்.

பாயிண்ட் 22 ரிம்பயர்: ரைபிள் கிளப்பில் சேர்ந்து குறிசுடப் பழக வேண்டும், பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்ப வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது. அவர்களும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடாது என்பதற்காகச் சில விவரங்கள்.

ஒன்று, போல்ட் ஆக்‌ஷன் பாருங்க. கையால் போல்ட்டை இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றுவது. அவசரம் குறையும், ஆபத்து குறையும். தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிற செமி ஆட்டோமேட்டிக் வகையைச் சட்டம் தனியாக இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதன் பக்கம் போகவேண்டாம்.

இரண்டு, நம்ம அரசு ஆர்டினன்ஸ் பேக்டரி செய்த பாயிண்ட் 22 ரைபிளும் இருக்கிறது. கைமாறி வருகிற பழைய செக் நாட்டு பிர்னோவும் இருக்கிறது. பழையது என்றால் போல்ட்டைக் கழற்றிக் குழலை வெளிச்சத்தில் பாருங்க. மரை தெளிவாகத் தெரியணும், துருக்குழி இருக்கக்கூடாது. தோட்டா உட்காருகிற வாயின் ஓரத்தில் ஊசி இடித்த பள்ளம் இருக்கிறதா என்று பாருங்க. தோட்டா இல்லாமல் விசையை அமுக்கி விளையாடின துப்பாக்கியில் அந்தப் பள்ளம் விழுந்திருக்கும். அப்புறம் தோட்டா சரியாக வெடிக்காது, கூடும் சுலபமாக வெளியே வராது.

மூன்று, சேப்டியைப் போட்டு, காலித் துப்பாக்கிதான் என்று உறுதி செய்துகொண்டு, போல்ட்டை ஆட்டிப் பாருங்க. விசை தானாக நழுவுகிற துப்பாக்கியை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீங்க.

நான்கு, கட்டை உங்கள் தோளுக்குப் பொருந்தணும். கன்னத்தைச் சாய்த்தால் கண் நேராகக் குறியில் விழணும். கழுத்தை வளைத்துத் தேடுகிற மாதிரி இருந்தால் அது உங்களுக்கான துப்பாக்கி இல்லை.

ஐந்து, ஒரே துப்பாக்கிக்கு ஒரு கம்பெனித் தோட்டா ஒத்துப்போகும், இன்னொன்று ஒத்துப்போகாது. இரண்டு மூன்று வகையைக் கிளப்பில் சுட்டுப் பார்த்து, நெருக்கமாக விழுகிற வகையை எடுங்க. வெடிக்காத தோட்டா என்றால் உடனே போல்ட்டைத் திறக்காதீங்க. குழலை ஆபத்தில்லாத பக்கம் பிடித்து அரை நிமிஷம் பொறுங்க. ரிம்பயரில் இது நடக்கிற சமாச்சாரம்தான்.

கள்ளத் துப்பாக்கி வேண்டாம்

பட்டறையில் அடித்த நாட்டுத் துப்பாக்கி சுலபமாகக் கிடைக்கிறது என்று யாராவது தரகர் வந்தால் விரட்டிவிடுங்க. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்கிறவனுக்கும் விற்கிறவனுக்கும் குறைந்தது 7 வருஷம், ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். வாங்கி வைத்திருக்கிறவனுக்கும் ஜெயில்தான். அப்பா காலத்துத் துப்பாக்கி வீட்டில் இருந்து, அப்பா தவறிவிட்டார் என்றால், அதைப் பரணில் சொருகி வைக்காமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு உங்கள் பேருக்கு மனுப் போடுங்க.

அவுட்டுக்காய் வைப்பதும் வேண்டாம். அது பன்னி வாயைப் பார்த்து வெடிக்காது. நம்ம மாட்டு வாயிலும் வெடிக்கும். கள்ளக் கரண்டு வேலியும் வேண்டாம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கம் மூன்று யானைகள் அப்படி ஒரு வேலியில் சிக்கி ஒரே ராத்திரியில் செத்தன. அதே வருஷம் மின்வேலிக்கென்று அரசு தனி விதிகளே கொண்டு வந்தது. யானை செத்தால் பேப்பரில் வருகிறது. வரப்பு தாண்டிப் போன கூலிக்காரர் செத்தால் ஊருக்குள்ளேயே பேசி முடிகிறது. இரண்டுமே நம்ம தலையில் விடிகிற பாவம்தான்.

ஆட்சியாளர்களுக்கு நம் கேள்வி

இவ்வளவும் நம்ம ஆட்களுக்குச் சொன்னது. இனி அரசாங்கத்துக்கு.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு ஆணை போட்டது. காப்புக்காட்டில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்னியைச் சுடக்கூடாது, ஒன்றில் இருந்து மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடுவது, மூன்று கிலோமீட்டரைத் தாண்டினால் வனத்துறையினர் சுடுவது என்று. வரவேற்றோம். ஆனால் மலையை ஒட்டி ஒரு கிலோமீட்டருக்குள் தோட்டம் வைத்திருக்கிறவன் என்ன பாவம் செய்தான்? அதிக நஷ்டம் அவனுக்குத்தானே! கூண்டு எத்தனை, ஆள் எத்தனை, சொன்னால் எத்தனை நாளில் வருவார்கள் என்று ஊராட்சி வாரியாக எழுதி ஒட்டுங்கள்.

பக்கத்துக் கேரளத்தில் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே காட்டுப்பன்னியைச் சுட உத்தரவிடுகிற அதிகாரத்தைக் கொடுத்தார்கள். லைசென்ஸ் துப்பாக்கி உள்ளவர்களைப் பட்டியலில் வைத்துக்கொண்டு, விஷம், வெடி, கரண்டு கூடாது என்று கட்டுப்பாடும் வைத்தார்கள். பன்னி வாளையாறு செக்போஸ்ட்டில் நின்று மாநிலம் பார்த்தா கடக்கிறது? அங்கே முடிகிறது இங்கே ஏன் முடியாது?

பயிர்க்காவல் துப்பாக்கிக்கு மனுக் கொடுத்தால் போலீஸ், வருவாய், வனம் என்று மூன்று துறைக்கும் காகிதம் போய் எங்கேயோ ஒரு மேஜையில் படுத்துக்கொள்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், கேட்டால் தரவேண்டும் என்று 14ஆவது பிரிவு சொல்கிறது. போதுமான சொத்து இல்லை என்பதை மட்டும் வைத்து மறுக்கக்கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. 18ஆவது பிரிவில் அப்பீல் உண்டு. நம்ம ஆளுக்கு அந்த மறுப்புத் தாளே கைக்கு வராவிட்டால் எதை வைத்து அப்பீல் போவான்?

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் கொண்டுபோய் வை என்கிறார்கள். ஓட்டு எண்ணி முடியும் வரைக்கும் அங்கேயே கிடக்கிறது. சட்டசபைக்கு ஒரு தடவை, பார்லிமெண்டுக்கு ஒரு தடவை, உள்ளாட்சிக்கு ஒரு தடவை. பன்னிக்குத் தேர்தல் நடத்தை விதி உண்டா? எந்தக் கேஸும் இல்லாத பயிர்க்காவல் லைசென்ஸ்காரனையும் ரவுடியையும் ஒரே தராசில் நிறுத்தலாமா?

ஆகவே தட்டியில் எழுத வேண்டியது இவை:

1. பயிர்க்காவலுக்கு மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி போதாது என்பதை ஏற்று, பாதிக்கப்பட்ட கிராமங்களில் 12 போர் துப்பாக்கிக்கு உரிமம் வழங்கு!

2. மனுவின் மீது விதிகளில் உள்ள காலக்கெடுவுக்குள் முடிவு செய்! மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடு!

3. லைசென்ஸ் உள்ள, பயிற்சி பெற்ற விவசாயிகளை ஊராட்சி வாரியாகப் பட்டியலிட்டு, வனத்துறை மேற்பார்வையில் பன்னி சுடும் குழுவில் சேர்!

4. விதிகளில் கேட்கிற ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சியை மாவட்டத்திலேயே, விவசாயிக்குக் கட்டணம் இல்லாமல் நடத்து!

5. பயிர்க்காவல் துப்பாக்கிகளுக்குத் தேர்தல் ஒப்படைப்பில் இருந்து விலக்குக் கொடு!

6. ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலங்களுக்கு அகழி, சூரியமின்வேலி அமைத்துக் கொடு! பயிர் நஷ்டத்தை அடங்கலில் உள்ளபடி கணக்கிட்டு உடனே வழங்கு!

இளைஞர்களே, பாயிண்ட் 22 கேட்டு எழுதிய தட்டியைக் கிழிக்க வேண்டாம், திருப்பிப் பின்பக்கத்தில் இவற்றை எழுதுங்க. அட்டைக்குக் காசு கொடுத்திருக்கிறோம். சட்டத்தில் உள்ள இடத்தைக் காட்டிக் கேட்கிற கோரிக்கையை எந்த அதிகாரியும் சிரித்துத் தள்ள முடியாது. மாசாமாசம் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் இதே ஆறையும் மனுவாகக் கொடுத்துப் பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்க. ஏற்கெனவே லைசென்ஸ் மனுப் போட்டு நிற்பவர்கள் மனு நகல், போட்ட தேதி, சிட்டா, அடங்கல், பன்னி அழித்த பயிரின் போட்டோ எல்லாவற்றையும் கிளைச் செயலாளரிடம் கொடுங்க. எல்லோருடையதையும் ஒரே கட்டாகக் கலெக்டர் மேஜையில் வைப்போம்.

ராத்திரி கட்டிலில் தனியாக உட்கார்ந்து தகரம் தட்டுகிறவன் சத்தம் ஒரு தோட்டத்தைத் தாண்டாது. அத்தனை பேரும் பகலில் ஒரே இடத்தில் நின்று தட்டினால் அது கோட்டை வரைக்கும் கேட்கும்.

திரண்டு வாரீர்!

விளைந்த பயிர் வீடு வந்து சேரட்டும்!